இனிஷியல் போடாத பெட்டி

பேசாமல் இருந்தது போதும். ஒன்பது வருடம் நான் உன்னிடம் பேசவில்லை, நீயும் என்னிடம் பேசவில்லை. அதில் கடைசி ஒன்றரை வருடம் நீ உயிரோடும் இல்லை. யார் முதலில் பேசுவது என்ற வீம்புக்கு இனி அர்த்தமில்லை என்பதால் நானே தொடங்குகிறேன்.

என் மேசை மேல் அந்தப் பெட்டி இருக்கிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய, கறுப்பு அலுமினியப் பெட்டி. காரின் இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எந்தக் கணத்தில் தீப்பொறி என்று உத்தரவு போடும் கம்ப்யூட்டர். மூடியின் நடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்த தடம் காய்ந்து பொருக்காக நிற்கிறது. முகர்ந்து பார்த்தேன். சந்தனத்தின் வாசனை கொஞ்சம், சூடேறி ஆறிய வயரின் வாசனை கொஞ்சம். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் வெள்ளை டேப்பில் உன் கையெழுத்தில் 'புரபசர் வண்டி' என்று இருக்கிறது. அதற்குப் பிறகு உன் இனிஷியல் இருக்கவேண்டிய இடம் காலியாக இருக்கிறது.

போன மாதம் உன் மனைவி அமுதா போன் செய்தாள். "அண்ணா, வேங்கிக்கால்லருந்து பேசறேன்" என்றாள். அந்தக் குரலை அடையாளம் காண எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. "ஷெட்ட வாடகைக்கு உட்லாம்னு இருக்கேன். காலி பண்ணும்போது உங்க வண்டிப் பொட்டி ஒண்ணு கெடச்சுது. அவரு இருந்த வரைக்கும் அதத் தூக்கிப் போட உடவே இல்ல. வந்து எடுத்துக்கறீங்களா?"

பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. "வரேம்மா" என்றேன்.

நீ எனக்கு வைத்த பெயர் புரபசர். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாம், நான் பொறியியல் முடித்து மேற்படிப்புக்குப் போனபோதும், நீ டிப்ளமோவோடு நிறுத்திக்கொண்டு வேங்கிக்காலில் தகர ஷெட் போட்டபோதும் பிரியவில்லை. கல்லூரியில் இன்ஜின்களைப் பற்றிப் பாடம் நடத்தும் வேலைக்கு நான் சேர்ந்த அன்றே நீ என்னை அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாய். கல்லூரி இன்றுவரை எனக்குக் கொடுக்காத பதவி அது. என்னிடம் படித்தவனே எனக்கு மேலே துறைத் தலைவராக வந்து உட்கார்ந்த கதையை உன்னைத் தவிர யாரும் முழுதாகக் கேட்டதில்லை. கேட்டுவிட்டு நீ சொன்னது ஒன்றுதான். "உடு. இன்ஜினப் பத்தி நீ அவனவிட ஜாஸ்தி பேசற. ஒரு இன்ஜினையாவது கையால தொடு."

அந்த வெள்ளைக் காரை நான் வாங்கியது அதனால்தான். மூன்று பேர் கைமாறி வந்த பழைய கார். டீசல் வண்டியிலிருந்து கழற்றிய சின்ன டர்போ ஒன்றை நீ அதில் பொருத்தினாய். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும் அந்தச் சாதனம், காரோடு பிறந்த கம்ப்யூட்டருக்குத் தெரியாத விருந்தாளி. இத்தனை காற்று வருகிறது என்று அதற்குப் புரியாது. புரிந்தால்தானே அதற்கேற்ற பெட்ரோல் கொடுக்கும். ஆகவே கம்ப்யூட்டர் விஷயத்தில் ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்ற கட்டம் வந்தது.

அதைப் பேசி முடிவு செய்தது ஒரு பௌர்ணமி மத்தியானம். வேலூர் ரோடு முழுக்கக் கிரிவலத்துக்கு வந்த வெளியூர் வண்டிகள் நின்றிருந்தன. உன் ஷெட்டுக்கு எந்தக் காரும் உள்ளே வரமுடியாது, உள்ளே இருந்த நானும் வெளியே போகமுடியாது. பௌர்ணமி என்றால் உனக்குக் கட்டாய விடுமுறை. தினக் காலண்டர் தாளொன்றைக் கிழித்துத் திருப்பி வைத்துக்கொண்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்தாய்.

"மூணு வழி இருக்கு புரபசர். ஒண்ணு, இருக்கற கம்ப்யூட்டரையே தொறந்து புதுசா எழுதறது. செலவு கம்மி. ஆனா உன் வண்டிக் கம்ப்யூட்டர் பழசு, எழுத உடாது. ரெண்டாவது, நடுவுல ஒரு சின்ன டப்பா வக்கிறது. சென்சார் சொல்றத மாத்தி கம்ப்யூட்டருக்குச் சொல்லும்."

"அதாவது பொய் சொல்லும்" என்றேன்.

"ஆமா. உங்க காலேஜ் மேனேஜ்மென்ட் மாதிரி. கொஞ்ச நாள் ஓடும். மூணாவது, பழசத் தூக்கிட்டு முழுசா புதுப் பொட்டி. நம்ம இஷ்டத்துக்கு எழுதலாம். செலவு ஜாஸ்தி."

மூன்றாவதுதான் வேண்டும் என்றேன். "கையில எவ்ளோ வச்சிருக்க?" என்றாய். ஒன்றரை லட்சம் என்றேன். அதில் முப்பதாயிரத்துக்கு அலாய் சக்கரம் பார்த்து வைத்திருப்பதையும் சொன்னேன். நீ பென்சிலைக் கீழே வைத்துவிட்டாய்.

"சக்கரம் ரோட்ல போறவன் பாக்கறதுக்கு. மொதல்ல அத அடி."

அடித்தேன். நீ தாளில் நான்கு வரி எழுதினாய். பெட்டிக்கு அறுபது. சென்சார், வயரிங் எல்லாம் சேர்த்து இருபத்தைந்து. டைனோ இரண்டு நாளுக்கு நாற்பது. மீதி இருபத்தைந்துக்கு எதிரே எதுவும் எழுதாமல் வட்டம் மட்டும் போட்டாய். அது எதற்கு என்று கேட்டதற்கு, "தெரிஞ்சா எழுதியிருக்க மாட்டேனா" என்றாய். டைனோ என்பது காரை ஓடவிடாமல் உருளைகளின் மேல் நிறுத்தி, சக்கரத்தைச் சுழலவிட்டு, இன்ஜினின் பலத்தை அளந்தபடியே கம்ப்யூட்டருக்குள் எழுதும் இடம். நமக்கு அருகில் இருந்தது சென்னைக்கு வெளியேதான். பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் அதற்கு நாற்பது ரொம்ப அதிகம் என்று நான் வாதாடினேன்.

"பொட்டி எவ்ளோனு எல்லாரும் கேக்கறாங்க. அதுக்குள்ள எழுதற நேரம் எவ்ளோனு எவனும் கேக்கறதில்ல. எழுதாத பொட்டி வெறும் டிபன் பாக்ஸ்" என்றாய். அந்த வரியை நான் பிறகு என் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். உன் பெயரைச் சொல்லியதில்லை.

டைனோவில் கழிந்த அந்த முதல் நாள் எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் முனையின் நிறத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாய். திரையில் எண் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன். "எண்ணு சென்சார் சொல்றது. இது இன்ஜின் சொல்றது" என்றாய். சாயங்காலம் அச்சடித்துக் கொடுத்த தாளில் பலத்தின் கோடு மலைச்சரிவு போல ஏறியிருந்தது. நான் எதிர்பார்த்ததைவிட உயரம். தாளை மடிக்க மனமில்லாமல் சுருட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

அங்கேதான் நான் சொன்னேன், இரண்டாம் நாள் வேண்டாம் என்று. இருபதாயிரம் மிச்சம். அதில் நல்ல சைலன்சர் ஒன்று வாங்கலாம்.

நீ வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னாய். "இன்னிக்கு ஓடறதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். நாளைக்கு நிக்கறதுக்குச் சொல்லிக் குடுக்கணும்டா. ஒரு சென்சார் தப்பாச் சொன்னா, ஆயில் பிரஷர் எறங்கினா, இன்ஜினத் தானா அடக்கற மாதிரி எழுதணும். அதுக்குத்தான் ரெண்டாம் நாள்."

"அது ரோட்டிலேயே பாத்துக்கலாம்" என்றேன்.

"பணம் உன்னுது" என்றாய். இன்னும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருக்கமாட்டேன்தான். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதக் காலைகள்தான் என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் என்று இப்போது தோன்றுகிறது. ஆறு மணிக்குக் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் நான் ஓட்டுவேன், நீ பக்கத்தில் மடிக்கணினியோடு. "நாலாவது கியர் போடு. ரெண்டாயிரத்துலருந்து மெதுவா அழுத்து. மெதுவான்னா மெதுவா, பாடம் நடத்தற மாதிரி." ரோட்டின் ஒரு பாதியில் வேர்க்கடலையைக் காயப் போட்டிருப்பார்கள். ஒருநாள் அதைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா நம்மை நான்காவது முறையாகப் பார்த்ததும் நடுரோட்டுக்கே வந்து நிறுத்திவிட்டாள். "இன்னாத்த தொலைச்சிட்டு இப்டிப் போயிப் போயி வர்றீங்க?" நீ கொஞ்சமும் யோசிக்காமல், "இவரு மூளைய, ஆயா" என்றாய். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "படிச்சவரு மாதிரி இருக்காரே பாவம்" என்று ஒரு பிடி கடலை கொடுத்தாள். அந்தப் பச்சைக் கடலையைத் தின்றுகொண்டே திரும்பி வந்தோம். தோலெல்லாம் டாஷ்போர்டு மேல்.

வண்டியை ஒப்படைத்த அன்று டேப்பில் 'புரபசர் வண்டி' என்று மட்டும் எழுதி ஒட்டினாய். முடித்த வேலை ஒவ்வொன்றிலும் வண்டிக்காரன் பெயருக்குப் பக்கத்தில் உன் இனிஷியலைப் போடுவது உன் வழக்கம். எங்கே என்று கேட்டேன். "ரெண்டாம் நாள் பாக்கி கீது. கார்த்திகை தீபக் கூட்டம் முடியட்டும், டைனோவுக்குப் போயிட்டு வந்து போடறேன். அதுவரைக்கும் ஜாஸ்தி அடிக்காத. அப்புறம், பானட்டத் தொறந்து தண்ணி உடாத. ஆயுத பூஜை வருது, உனக்குத்தான் சொல்றேன். பொட்டு வச்சா போதும்."

நான் கேட்டுக்கொண்டேன். பிறகு மறந்தேன். வருடம் முழுக்கக் காரைத் துடைக்காதவன்கூட ஆயுத பூஜைக்கு வாட்டர் சர்வீஸில் வரிசையில் நிற்கும் ஊர் இது. நானும் நின்றேன். முறை வந்தபோது அங்கிருந்தவர், "சார், உள்ளயும் அடிச்சிரட்டுமா?" என்றார். புது டர்போ பளபளவென்று இருக்கவேண்டும், பூஜைக்கு வருபவர்கள் பார்க்கவேண்டும் என்று எனக்கு. "நல்லா அடிங்க" என்றேன். வீட்டுக்கு வந்து பெட்டிக்குச் சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். எல்லாம் முறையாக நடந்தது.

மறுநாள் கீழ்பென்னாத்தூர் ரோட்டில், நாம் எப்போதும் திரும்பும் புளியமரத்துக்கு முன்னால், முழுவதும் அழுத்தியபோது இன்ஜினுக்குள் கூழாங்கல்லைக் கொட்டியது போலச் சத்தம் கேட்டது. பிறகு நீலப் புகை. பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிட்டது. வட்டம் போட்டு வைத்த இருபத்தைந்தாயிரத்தைப் போல இரண்டு மடங்கு வேலை.

இழுத்துக்கொண்டு வந்து உன் ஷெட்டில் விட்டேன். நீ பெட்டியைக் கழற்றி, மடிக்கணினியில் சொருகி, கடைசி ஓட்டத்தின் பதிவை வெகுநேரம் பார்த்தாய். பிறகு எழுந்துபோய் இன்ஜினின் மேலிருந்த ஒரு சென்சாரின் சொருகியைப் பிடுங்கி, உள்ளே ஊதினாய்.

"வண்டியக் கழுவனியா?"

"ஆயுத பூஜைக்குக் கழுவாம?"

"பானட்டத் தொறந்தா?"

"இல்ல" என்றேன். "மேலாக்கத் துணியால தொடச்சேன், அவ்ளோதான்."

அந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. நான் இன்ஜின் பாடம் நடத்துகிறவன். நீ என்னை வண்டி கழுவத் தெரியாதவனாக நிறுத்திக் கேள்வி கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை. நீ என் முகத்தைப் பார்த்தாய். மடிக்கணினியை மூடினாய். "சரி" என்றாய்.

அன்று சாயங்காலமே, கார் மாற்றிக் கட்டுகிறவர்கள் எல்லாம் இருந்த அந்த வாட்சப் குழுவில் நான் எழுதினேன். நீண்ட கட்டுரை. பெட்ரோல் கம்மியானால் பிஸ்டன் ஏன் உருகும் என்று பாடப்புத்தகத் தமிழில் விளக்கினேன். படிக்காதவன் கையில் கம்ப்யூட்டரைக் கொடுத்தால் இதுதான் கதி என்று முடித்தேன். செய்தவனே தன் வேலையை நம்பாமல் இனிஷியல் போடவில்லை என்பதற்குச் சாட்சியாக அந்த டேப்பின் படத்தையும் போட்டேன். கீழே என் பெயர், பட்டம், பதவி மூன்றும். குழுவில் யாரோ உன்னைப் பதில் சொல்லச் சொன்னார்கள். நீ குழுவிலிருந்து விலகினாய். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். காரை மறுநாளே உன் ஷெட்டிலிருந்து இழுத்துப்போய், பழைய கம்ப்யூட்டரோடு விற்றேன். பெட்டி வேண்டாம் என்று உன்னிடமே விட்டேன்.

பிறகு உன்னிடம் யாரும் டியூனிங்குக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டேன். கலெக்டர் ஆபீஸ் கார்களுக்கு ஏசி காஸ் அடித்து, ஹாரன் மாற்றிக் காலம் தள்ளினாய். உன் ஷெட்டைக் கடக்கும்போதெல்லாம் நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போவேன். உன் இதயம் நின்றுபோன அன்று தெருமுனை வரை வந்தேன். சங்குச் சத்தம் கேட்டது. திரும்பிவிட்டேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்கு ஒரு பேட்டரியைக் கொடுத்து, என் கணினியில் இணைத்தேன். எழுத்து எழுத்தாகத் தேடிக் கற்றுக்கொண்டுதான் உள்ளே போகமுடிந்தது. நீ திட்டியது போல அப்போதுதான் முதல்முறையாகக் கையால் தொட்டேன். அந்தக் கடைசி ஓட்டம் அப்படியே இருந்தது. நான் முழுக்க அழுத்தியிருக்கிறேன் என்பதைக் காட்டும் கோடு உச்சியில் நிற்கிறது. அதே நேரத்தில் காற்றின் அழுத்தத்தைச் சொல்லும் கோடு, உயரே போய்க்கொண்டிருந்தபோதே திடீரென்று குழிக்குள் விழுந்தது போல இறங்கியிருக்கிறது. இன்ஜினுக்குள் காற்று நிறையப் போகிறது, சென்சாரோ கம்மி என்கிறது. பெட்டியும் அதை நம்பிப் பெட்ரோலைக் குறைத்துவிட்டது. சொருகிக்குள் தண்ணீர். இரண்டாம் வருட மாணவன்கூடப் படித்துவிடுவான். நீ அன்றைக்கே, ஊதிப் பார்த்தபோதே படித்துவிட்டாய்.

அது மட்டுமானால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன். என்னிடம் இன்னும் அவ்வளவு பெருந்தன்மை வரவில்லை. பெட்டிக்குள் வேறொன்றும் இருந்தது. காரில் ஓடிய மேப்பை, இன்ஜினுக்கு நீ எழுதிய உத்தரவுப் பட்டியலை, மாற்றி எழுதியிருக்கிறாய். முழுக்க அழுத்தியிருக்கும்போது காற்றழுத்தம் திடீரென்று விழுந்தால், சென்சாரை நம்பாதே, இன்ஜினை அடக்கு என்று. அதைச் சேமித்த தேதி நான் குழுவில் எழுதியதற்கு நான்கு நாள் பிந்தியது. ஊர் உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த வாரம். கார் உன்னிடம் இல்லை, இன்ஜின் இல்லை, கொடுப்பதற்கு யாரும் இல்லை. ஆனாலும் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். குறிப்பு போடும் கட்டத்தில் இரண்டே சொல். 'ரெண்டாம் நாள்.'

நீ ஏன் குழுவில் பதில் சொல்லவில்லை என்பதற்கு நான் பல காரணம் வைத்திருந்தேன். திமிர் என்று கொஞ்ச நாள், குற்ற உணர்ச்சி என்று நிறைய நாள். இப்போது பார்த்தால் இரண்டாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நான் நினைத்த விதத்தில் அல்ல. தண்ணீர் என்னுடையது. ஆனால் தண்ணீர் போனாலும் இன்ஜின் சாகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை முடிக்காமல் சாவியைக் கொடுத்தோமே என்று நீ உன்னைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய். அந்த வேலையை வெட்டியவன் நான். இருபதாயிரத்துக்கு. அந்தச் சைலன்சரின் சத்தம்கூட இப்போது ஞாபகம் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், உனக்கு மறைக்கவேண்டியதில்லை. உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. உன் கையில் ஆதாரம் இருந்தது. என் பொய் உனக்குத் தெரியும். ஒரு படம் எடுத்து அந்தக் குழுவில் போட்டிருந்தால் நான் அன்றே அவமானப்பட்டு, திட்டி, ஒரு வருடத்தில் உன் ஷெட்டில் வந்து உட்கார்ந்திருப்பேன். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து ஒன்பது வருடம் என்னைத் தப்பானவனாகவே வாழவிட்டாய். கல்லூரியில் எனக்கு அநியாயம் செய்தவர்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அதில் நீயும் இருந்தாய். இப்போது உன்னை எந்த இடத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

நேற்று அந்தக் குழுவில் எழுதினேன். அது இன்னும் இருக்கிறது, ஆனால் ரியல் எஸ்டேட் விளம்பரமும் காலை வணக்கமும்தான் வருகின்றன. பதிவின் படத்தைப் போட்டு, பானட்டைத் திறந்து தண்ணீர் அடிக்கச் சொன்னது நான், கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னது நான், மேப்பில் தப்பில்லை என்று எழுதினேன். கீழே அதே பெயர், அதே பட்டம், அதே பதவி. பதவி மாறவில்லை, தெரியும்தானே. ஒருவர் கட்டைவிரல் போட்டார். இன்னொருவர், 'யார் சார் இது?' என்று உன்னைப் பற்றிக் கேட்டார். பழைய ஆள் ஒருவர் மட்டும் போன் செய்து, "அவன் ஷெட் இன்னும் கீதா?" என்றார். இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது.

பெட்டியை வாங்க வந்த அன்று அமுதா காபி கொடுத்துவிட்டுக் கேட்டாள். "இன்னா சண்டைண்ணா உங்களுக்குள்ள? கேட்டா சொல்லவே மாட்டாரு. புரபசர் வருவான், பொட்டிய அங்கயே வை, வேல பாக்கி கீதுன்னுதான் சொல்வாரு." நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேச்சை மாற்றினேன். நேரில் சொல்ல அன்று வாய் வரவில்லை, இன்றும் வராது. அதனால்தான் உனக்கு எழுதுகிற இதை உன் வேங்கிக்கால் முகவரிக்கே அனுப்புகிறேன். பிரிப்பது அவளாகத்தான் இருக்கும். படிக்கட்டும். கணவன் தோற்றுப்போன மெக்கானிக் இல்லை என்று அவளுக்குத் தெரியவேண்டும்.

பெட்டியை நான் வைத்துக்கொள்கிறேன். இப்போது கல்லூரிக் கூடத்தில் பழைய இன்ஜின் ஒன்றில் மாணவர்களோடு கைவைக்கிறேன். செலவுக் கணக்கு போடும்போது இரண்டாம் நாளைத்தான் முதல் வரியில் எழுதச் சொல்கிறேன். ஏன் என்று கேட்டால் உன் பெயரைச் சொல்கிறேன்.

குழுவில் போடவேண்டிய இடத்தில் பெயரைப் போட்டாயிற்று. இந்தத் தாளின் அடியில் போடப் பேனாவை வைத்தேன், உன் டேப்பின் காலி இடம் கண்ணில் பட்டது. முடியாத வேலையில் நீ இனிஷியல் போடமாட்டாய். நமக்குள் இன்னும் பாக்கி இருக்கிறது. பெயர் போடாமலே உறையை ஒட்டுகிறேன், காலையில் கல்லூரிக்குப் போகிற வழியில் தபால்பெட்டியில் போட்டுவிடுவேன்.